மாமாவின் களியில் நெய்

ஜூன் 14, சனி

ஆல்பர்ட் மாமா வெள்ளிமலையிலிருந்து வந்த மரவள்ளி லோடை இறக்கிவிட்டு, வேர்வையோடு நேராக அம்மாவின் கட்டிலுக்கு வந்தார். "அக்கா, என் ஈரல்ல பாதி ஒனக்கு. மீதி என் பொண்டாட்டி எஸ்தருக்கு."

அம்மா சிரித்தாள். கண் மஞ்சள், சிரிப்பும் மஞ்சள். அவள் உடம்பே அவள் ஈரலை அரிக்கிறதாம். மாற்றினால்தான் பிழைப்பாள் என்று சென்னை டாக்டர் சொல்லிவிட்டார். அப்பாவின் ரத்த வகை சேரவில்லை. எனக்குப் பதினேழு, சட்டத்துக்கு ஒரு வயது கம்மி. மாமா காய்ச்சல் என்றுகூடப் படுத்ததில்லை.

ஜூன் 25

மாமாவிடம் குழாய் குழாயாக ரத்தம் எடுத்தார்கள். "கொசுவுக்குக்கூட இவ்ளோ குடுத்ததில்ல" என்றார். சர்க்கரை, ஈரல் கணக்கு எல்லாம் நார்மல். டிரைகிளிசரைடு, அதான் ரத்தக் கொழுப்பு, மட்டும் லேசாக ஏறியிருக்கிறது.

ஜூன் 27

ஸ்கேனில் மாட்டிக்கொண்டார். ஈரலில் கால்வாசிக்கு மேல் கொழுப்பு! ஊரே எனக்குத்தான் கொழுப்பு என்று சொல்லும்.

"தண்ணி போடுவீங்களா?" என்று டாக்டர் கேட்டாராம். மாமா கோயில் திராட்சை ரசத்துக்கே முகம் சுளிக்கிறவர். குடிக்காதவர்களுக்கும் வருமாம். நன்றாக நடமாடுகிற பலருக்கு இருக்குமாம், ரத்தத்தில் தெரியாமலே.

இந்தக் கொழுப்போடு வெட்டினால் இரண்டு பேருக்கும் ஆபத்து. சோறு, சர்க்கரை, எண்ணெய் குறைத்து, நடந்தால் இரண்டு மாதத்தில் கரையும். அம்மாவுக்கு இரண்டு மாதம் இருக்கிறதா? யாரும் கேட்கவில்லை.

ஜூலை 6

மாமா ஏரிக்கரையில் நடக்கிறார். பின்னால் ஒளிந்து குரைத்தேன். ஓடினார். நல்ல வேகம்.

ஜூலை 30

எடை ஒரு கிலோகூட இறங்கவில்லை. டிரைகிளிசரைடு முன்னைவிட ஜாஸ்தி. "திருட்டுத்தனமா சாப்பிடுறீங்களா?" என்று டாக்டர் கேட்டதும் மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "வேளைக்கு ஒரு உருண்டை கேவுரு களிதாங்க சார்."

அம்மாவுக்கு வயிற்றில் நீர் கோத்திருக்கிறது.

ஆகஸ்ட் 1

எஸ்தர் அத்தையைப் பயமுறுத்த ரப்பர் பல்லியோடு அவள் சமையல்கட்டுக்குள் நுழைந்தேன். மாமாவுக்குக் கேழ்வரகுக் களி கிளறிக்கொண்டிருந்தாள். நெய் ஒரு கரண்டி ஊற்றினாள். இன்னொரு கரண்டி. பல்லி என் கையிலேயே இருந்தது.

"அத்தை... இன்னா பண்றீங்க?"

அவள் திரும்பினாள். "கொழுப்பு கொறஞ்சா இட்டுக்கினு போய் அறுப்பாங்கடி. அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா ரெண்டு புள்ளைங்கள வெச்சிக்கினு நான் எங்கடி போவேன்?"

எதற்கும் பதில் வைத்திருக்கிற வாய் இது. 'அப்ப எங்கம்மா?' என்று கேட்டிருக்கலாம். பல்லியோடு வீட்டுக்கு ஓடி வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 2

மாமாவிடம் சொன்னால் அத்தையை வீட்டில் வைக்க மாட்டார். சொல்லாவிட்டால் —

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அத்தையைக் கூட்டிவரச் சொன்னாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"எஸ்தரு, ஒன் எடத்துல நான் இருந்தா நெய்யி டப்பாவையே கவுத்திருப்பேன்."

அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"நீ வேணாம்னா வேணாம். எனக்குப் பயமா கீது, ஆபரேசனே வேணாம்னு தம்பிகிட்ட நானே சொல்லிட்றேன். ஒம் பேரு வெளிய வராது."

அத்தை போய்விட்டாள். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். எனக்குக் கோபமெல்லாம் அம்மா மேல்தான். யாரக் கேட்டு இப்படிச் சொன்ன? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?

ஆகஸ்ட் 5

மாமா ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைப் பார்த்தார். "இன்னாடி எஸ்தரு, களி மண்ணு மாரி கீது?"

"துன்னுங்க. நாளைக்கும் அதான்."

அம்மா மாமாவிடம் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

செப்டம்பர் 19

ஈரலில் கொழுப்பு ஏழு சதவீதம். மாமா எட்டுக் கிலோ இளைத்திருக்கிறார். தேதி கொடுத்துவிட்டார்கள். மனைவியும் சம்மதிக்க வேண்டும் என்று அத்தையை உள்ளே கூப்பிட்டார்கள். நெடுநேரம் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. கையெழுத்துப் போட்டாள்.

செப்டம்பர் 30

அம்மாவும் மாமாவும் ஆபரேசனுக்கு உள்ளே. அத்தை என் கையை விடவில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

மீன் குழம்புக்குப் புளி போதுமா என்று மத்தியானம் அம்மாவுக்கும் அத்தைக்கும் சண்டை. அம்மா விட்டுக்கொடுக்கவே இல்லை. அத்தை கரண்டியை ஓங்கிவிட்டாள்.

"என் வூட்டுக்காரர் ஈரல வெச்சிக்கினு என்னையே எதுத்துப் பேசுறீங்களா அண்ணி?"

அம்மா தழும்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். அத்தைக்குத்தான் அழுகை வந்துவிட்டது.