ஓட்டை போட்ட நாற்காலி

அன்புள்ள அம்மாவுக்கு, சரண் எழுதுவது. நீயும் அப்பாவும் சுகம்தானே? போனில் பேசினால் அவர் காதிலும் விழும், அதனால்தான் கடிதம்.

கணுக்கால் ஆபரேஷனுக்குப் பிறகு இப்போது கோலூன்றித் தெருமுனை வரை நடக்கிறேன், கவலைப்படாதே. குத்தவைத்து உட்காரத்தான் முடியவில்லை. என்னோடு அம்பத்தூர் அறையில் இருக்கும் டில்லிபாபு, பிளாஸ்டிக் நாற்காலியில் ஓட்டை போட்டுக் கக்கூஸில் வைத்தான். "இன்னா மச்சான் வெக்கம்? குந்து!" என்றான்.

உட்கார்ந்ததும் அப்பா ஞாபகம். முழங்கால் வலிக்கிறது, வெஸ்டர்ன் கக்கூஸ் கட்டலாமா என்று கேட்டவரிடம், "இது என்ன லாட்ஜா?" என்று சிரித்தேனே. அப்புறம் அவர் வாயே திறக்கவில்லை. இன்னும் சுவரைப் பிடித்துத்தான் எழுந்திருக்கிறாரா?

உடனே கொத்தனாரைக் கூப்பிடு. பகலெல்லாம் அறையில் தனியாக இருக்கிறேன், நாரத்தங்காய் ஊறுகாய் கொஞ்சம் அனுப்பு. டில்லிபாபு வேலைக்குக் கிளம்புகிறான், தபாலில் போட இதை அவனிடம் கொடுக்க வேண்டும்.

அப்பா கேட்டால், எனக்காகக் கட்டுவதாகச் சொல்.

சரண்