முன்னிக்கு வந்த பேச்சு

12.6.84
காலையிலிருந்து பஸ் ஸ்டாண்ட் மைக்கில் "அவலூர்பேட்டை, மேல்மலையனூர்" என்று கத்தித் தொண்டை கட்டிவிட்டது. வீட்டுக்கு வந்தும் என் பையன் காமராஜிடம் விடாமல் பேசினேன். மூன்று வயசு முடிந்துவிட்டது. "நைனா" என்றுகூட வரவில்லை. ஆண்டாள் அவன் நாக்கில் வசம்பு தடவிக்கொண்டிருந்தாள். அவள்மேல் எரிந்து விழுந்தேன். "பெத்தவ நீ வாயத் தொறக்காம இருந்தா புள்ள எப்பிடிடீ பேசும்?" அவள் வசம்பை மறுபடியும் கல்லில் உரசத் தொடங்கினாள்.

20.6.84
எதிர்வீட்டு ரோஷன் பீ வளையல் விற்கப் போகும்போது மூன்று வயசு மகள் முன்னியை உள்ளே விட்டுத் தாழ் போட்டுவிட்டுப் போகிறாள். ராத்திரி அசதியில் அம்மா பேசுகிற நாலு பேச்சு, தெருச் சத்தம், அவ்வளவுதான் அந்தக் குழந்தைக்கு. இன்று ஜன்னல் வழியாக என்னிடம், "எங்கம்மா வந்ததும் பொரி துன்னுட்டு வெளாட வருவேன்" என்கிறாள்! அடுத்த தெரு ஹெட்மாஸ்டர் மகளுக்கும் அதே வயசு. படம் காட்டி, கதை சொல்லி வளர்க்கிறார். அதுவும் அச்சு அசல் இப்படித்தான் பேசுகிறது. யார் சொல்லிக்கொடுத்தது? கொஞ்சம் கேட்டதும் நிறையக் கேட்டதும் ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றன. நான் கொட்டுகிற பேச்செல்லாம் எங்கே போகிறது?

28.7.84
ஆடி அமாவாசை. மலையனூரில் ஸ்பெஷல் பஸ் டியூட்டி. காமராஜையும் கூட்டிப்போனேன். கோயில் வாசலில் வெறுங்காலோடு நின்றவன், பின்னால் பம்பை முழங்கியதும் சட்டென்று திரும்பிக் குதித்தான். காது நல்லாத்தான் இருக்குது! ஆத்தா, பேச்சு வந்துரும்.

30.7.84
"எதுக்கும் ஆஸ்பத்திரியில காட்டலாங்க" என்கிறாள் ஆண்டாள். பம்பைக்குத் திரும்பியவனுக்கு ஆஸ்பத்திரி எதற்கு?

21.8.84
அவள் அழுததால் பாண்டிச்சேரிக்குப் போனோம். டாக்டர் அவன் முதுகுக்குப் பின்னால் மணி அடித்தார். திரும்பவில்லை. பம்பையைச் சொன்னேன். "அதிர்வு கால் வழியா தெரிஞ்சிருக்குங்க. பொறந்ததுலேருந்தே காது கேக்கல" என்றார். பேச்சு வருமா என்றேன். கஷ்டம் என்றார்.

முன்னிக்குக் கிடைத்த அந்த நாலு பேச்சுகூட இவனுக்குள் போகவில்லை. மூணு வருசமா யார்கிட்ட பேசினேன் நான்?

பஸ்ஸில் ஆண்டாள் ஒன்றுதான் கேட்டாள். "நான் பேசாததால இல்லியே?" ஐயோ... இல்லடீ, இல்ல.

2.9.84
லீவு. காலையிலிருந்து அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மனசு வரவில்லை. முன்னி ஜன்னலிலிருந்து கையாட்டி ஏதோ கேட்டாள், இவனும் கையாட்டினான், இரண்டும் சிரித்தன. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சாயங்காலம் வழக்கம்போல என் மடியில் வந்து படுத்துக்கொண்டான். நான் பேசாதது அவனுக்குத் தெரியவே இல்லை.