மூச்சு வாங்கப் போகிறவள்

ஜனவரி 11

இன்று தண்ணீர் டம்ளரை அவன் முன்னால் வைத்த விதத்தை எழுதிவிட வேண்டும். வைக்கவில்லை, அடித்தேன் என்றே சொல்லலாம். பாதித் தண்ணீர் மேசையில், பாதி அவன் மடியில்.

அவன் கேட்டது தண்ணீர் மட்டும்தான். அதற்கு முன்னால் ஜன்னலைத் திறக்கச் சொன்னான், மூடச் சொன்னான், மறுபடி திறக்கச் சொன்னான். நுரையீரல் தழும்பேறி இறுகிக்கொண்டு வருகிறவனுக்கு ஜன்னல் எப்படி இருந்தாலும் போதாது. எனக்குத் தெரியும். தெரிந்தும்.

மடி நனைந்ததும் அவன் சொன்னது: "சாரி."

கொட்டியது நான். சாரி அவன்.

திட்டியிருக்கலாமே. வக்கீல்தானே? கல்யாணமான புதிதில் பால் பொங்கி வழிந்ததற்கு யார் பொறுப்பு என்று சாப்பிட்டு முடிக்கும்வரை வாதாடியவன். இப்போது ஒரு வாக்கியத்துக்கு நடுவில் நின்று நின்று காற்றை இழுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதனால் எதைச் சொல்வது எதை விடுவது என்று பொறுக்கித்தான் பேசுகிறான். அப்படிப் பொறுக்கி எடுத்த சொல் இது.

ஜனவரி 13

அவனுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லித்தர வரும் பிசியோதெரபிஸ்ட் அம்மா கிளம்பும்போது வாசலில் என்னை நிறுத்தினார்.

"உங்க தோள் ரெண்டும் காதுகிட்ட ஏறி உட்கார்ந்திருக்கு. இறக்கி விடுங்க."

இறக்கினேன். பேசிக்கொண்டிருக்கும்போதே மறுபடி ஏறிவிட்டன.

"வெளில போய் நடங்க. ஓடுங்க. என்னத்தையாவது பண்ணி வேர்வை வரவையுங்க. இந்த வீட்டுக்கு ஒரு நோயாளி போதும்."

"அவரை யாரு பாத்துப்பாங்க?"

"கொஞ்ச நேரம் அவரை அவரே பாத்துப்பாரு. ஆக்சிஜன் மெஷின் ஓடிட்டிருக்கு, போன் கையில இருக்கு. கேட்டுத்தான் பாருங்களேன்."

கேட்கவில்லை. கேட்டால் "போ" என்பான். அந்தப் "போ"வை எப்படி வாங்கிக்கொள்வது என்று தெரியவில்லை.

ஜனவரி 14

தோள்கள் இன்னும் காதருகில்.

ஜனவரி 18

கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, கல்லூரிக்குப் பின்னாலுள்ள மைதானத்துக்குப் போனேன். காலையில் அது பொதுச்சொத்து. பின்பக்கமாகவே நடக்கிற ஒரு பெரியவர், பேசுவதற்காகவே நடக்கிற பெண்கள், காதில் எதையோ மாட்டிக்கொண்டு யாரையும் பார்க்காமல் ஓடுகிற பையன்கள்.

நானும் ஓடினேன். ஓடினேன் என்பது பெரிய வார்த்தை. ஒரு சுற்றில் பாதிகூடத் தாண்டவில்லை. நெஞ்சு பற்றி எரிய, முழங்கால்களில் கையை ஊன்றிக் குனிந்து நின்றேன். நின்றவுடன் உறைத்தது. குளியலறையில் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு அவன் நிற்பது இதே மாதிரிதான். இதே குனிவு. தோள் இதே மாதிரி ஏறி ஏறி இறங்கும்.

எனக்கு மூச்சு அடங்கிவிட்டது. நிமிர்ந்தேன்.

அவனுக்கு இல்லாமல் போனதை நான் வேண்டுமென்றே வெளியே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருகிறேனா? இது என்ன ஊதாரித்தனம்?

ஆனால் — இதை எழுத வெட்கமாக இருக்கிறது — வீடு திரும்பியபின் அவன் இரண்டு முறை ஜன்னலைப் பற்றிச் சொன்னான். இரண்டு முறையும் சாதாரணமாக எழுந்து போய்த் திறந்தேன், மூடினேன். கோபத்தைத் தேடிப் பார்த்தேன். இல்லை.

ஜனவரி 27

தினமும் போகிறேன். உடனே வீட்டுக்குள் போவதில்லை. நாய் மாதிரி இரைத்துக்கொண்டு அவன் முன்னால் போய் நிற்க முடியுமா? மாடிப்படியில் உட்கார்ந்து, மூச்சு அடங்கி, முகத்தைத் துடைத்தபின்தான் கதவைத் தள்ளுகிறேன். மேல்வீட்டு ஆடிட்டர் இறங்கும்போதெல்லாம் நான் படியில். இன்று கேட்டேவிட்டார்: "ஏம்மா, மாடி ஏறவே முடியலையா? இந்த வயசுலயா? நானெல்லாம் பாரு."

சிரித்து வைத்தேன்.

பொய்க்குத் துணையாகக் கடையில் எதையாவது வாங்கவும் வேண்டியிருக்கிறது. மைதானத்து வாசலிலுள்ள கடையில் பெரிதாக ஒன்றும் கிடையாது. சோப்பு வாங்குகிறேன்.

பிப்ரவரி 5

மாற்று நுரையீரலுக்கு அவன் பெயரைப் பதிய முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உடம்பு அறுவைசிகிச்சையைத் தாங்கும் நிலையைத் தாண்டிவிட்டதாம். "வீட்டுல வசதியா வெச்சுக்கோங்க" என்றார்.

காரில் வரும்போது, சிக்னலில் நின்றபோது சொன்னான்: "அப்பீல்... கிடையாதாம்."

பிப்ரவரி 6

மைதானத்தில் நிற்கவில்லை. வாசலைத் தாண்டி, பெரிய சாலையைத் தாண்டி, பேருந்து நிலையம்வரை ஓடினேன். வெளியூர் வண்டி ஒன்று கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. எந்த ஊர் என்று பார்க்கவில்லை. படியில் ஒரு காலை வைத்தேன்.

நடத்துநர், "ஏறுறீங்களா இல்லையா?"

அவ்வளவு சாதாரணமாகக் கேட்டார். ஏறலாம், ஏறாமலும் இருக்கலாம் என்பதுபோல.

இல்லை என்றேன். திரும்பும் வழியில் ஓடவில்லை, நடந்துதான் வந்தேன். யாரிடமும் சொல்லப்போவதில்லை. இங்கேகூட எழுதியிருக்க வேண்டாம். எனக்கு என்ன ஆச்சு? நான் என்ன மனுஷி?

பிப்ரவரி 7

போகவில்லை.

பிப்ரவரி 8

போகவில்லை. மாலையில் மருந்தைத் துப்பிவிட்டான் என்று அவன் கையைப் பிடித்து உலுக்கினேன். மணிக்கட்டில் என் விரல்கள் சிவப்பாகத் தெரிந்தன. அவன் அதைப் போர்வைக்குள் மறைத்துக்கொண்டான்.

பிப்ரவரி 9

போனேன்.

பிப்ரவரி 16

மாட்டிக்கொண்டேன்.

ஆடிட்டர் கீழே யாருடனோ பேசிக்கொண்டு நின்றதால் இன்று படியில் உட்கார முடியவில்லை. அடங்கிவிட்டது என்று நினைத்து உள்ளே போனேன். அடங்கவில்லை. கட்டிலில் சாய்ந்திருந்தவன் என்னையும் கையிலிருந்த பையையும் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். கறுப்புக் கோட்டு மட்டும்தான் இல்லை.

"பையில?"

"சோப்பு."

"நேத்து?"

"...சோப்பு."

"அலமாரியில... எத்தனை சோப்பு... பாத்தியா? ஊரையே... குளிப்பாட்டலாம்." நிறுத்தி, காற்றைச் சேர்த்துக்கொண்டான். "சரி. சோப்பு வாங்கப் போனவளுக்கு... ஏன்... மூச்சு வாங்குது?"

சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும் வந்தது. அது இருமலாக மாறி, மெஷினைக் கூட்டி, முதுகைத் தடவி, அவன் முகம் நீலத்திலிருந்து திரும்ப நெடுநேரம் ஆயிற்று. அதன்பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். மைதானம், படி, ஆடிட்டர். பேருந்தைத் தவிர எல்லாம்.

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். சாப்பாட்டுக்கும் திரும்பவில்லை.

மூச்சு விடுகிறோம், மூச்சு வாங்குகிறோம். பள்ளிப் பாடநூல்களுக்குப் பிழை திருத்திப் பிழைக்கிறவள் நான். சொல்லைப் பிரித்துப் பார்ப்பதுதான் என் தொழில். 'வாங்குகிறது' என்ற சொல் இவ்வளவு குரூரமாக ஒருநாளும் பட்டதில்லை. போய் வாங்கிக்கொண்டு வர முடிகிறவள் நான்.

பிப்ரவரி 17

காலையில் ஷூவை எடுக்காமல் சமையலறையிலேயே சுற்றிக்கொண்டிருந்தேன். கூப்பிட்டான்.

"கிளம்பலையா?"

"வேண்டாம்."

"போ. ஆனா... படியில உட்காராத. நேரா... உள்ள வா."

"உன் முன்னாடி எப்படிடா —"

"நான் பாக்கணும்." கண்ணை மூடிக் காற்றைத் திரட்டினான். "மூச்சு வாங்கி... அப்புறம் அது... தானா அடங்குறதை. எப்படி இருக்கும்னு... மறந்துபோச்சு."

ஓடிவிட்டு நேராக உள்ளே வந்தேன். கட்டில் விளிம்பில் உட்காரச் சொல்லி முதுகில் உள்ளங்கையை வைத்தான். என் முதுகு ஏறி இறங்கியது, அவன் கையும் ஏறி இறங்கியது. மெல்ல, மெல்ல, தணிந்தது. கடைசியில் கை அசையாமல் நின்றபோது, ரொம்ப தூரம் போய் வந்தவன் மாதிரி "ம்" என்றான்.

படித்த புத்தகங்களில் எல்லாம் துக்கம் ஜன்னலோரம் அசையாமல் உட்கார்ந்திருக்கும். வியர்த்துக் கொட்டிக்கொண்டு வந்து உட்கார்கிற துக்கத்தை எங்கும் படித்ததாக நினைவில்லை.

மார்ச் 2

இன்று வந்தபோது தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பவில்லை. தானாகவே அடங்கியது.

மார்ச் 15

அவன் எடை மேலும் இறங்கிவிட்டது. தூக்கி உட்காரவைக்கும்போது என் கைகள் நடுங்குவதில்லை. ஓடி ஓடித் தேறியது இந்த உடம்பு. இப்படி ஒருபக்கம் தேற, ஒருபக்கம் தேய. இதை நன்மை என்று எழுதவும் கை வரவில்லை.

மார்ச் 29

அவனுடைய அக்கா வந்திருக்கிறார். அவர் முன்னால் நான் அவனை "நீங்க" என்று கூப்பிட வேண்டும். மறந்துபோய் "டேய், மாத்திரை" என்றுவிட்டேன். அக்கா அப்பளம் நொறுங்கினாற்போல ஒரு சிரிப்புச் சிரித்தார்.

ஏப்ரல் 1

காலையில் ஓடிவிட்டு வந்தேன். கூடத்தில் அக்கா. என் ஷூவிலிருந்து தொடங்கி மேலே வரைக்கும் பார்த்தார்.

"எங்கம்மா போயிட்டு வர?"

"ஓடிட்டு வரேன்க்கா."

"ஓடிட்டு. புருஷன் மூச்சுக்குத் திண்டாடிட்டு இருக்கான், பொண்டாட்டி ஓட்டப்பந்தயம் ஓடுறா. எதுல முதல் பரிசு வாங்கப்போற?"

குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்தேன். பதில் சொல்லியிருந்தால் என் குரலும் இரைத்திருக்கும்.

"உன்னால முடியலைன்னா சொல்லிடு, தப்பில்ல. சின்னப் பொண்ணு நீ. நான் இவனை என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். ஆம்புலன்ஸ் பேசிட்டேன். பெத்தவங்க போனப்புறம் வளத்தது நான்தான். கடைசிவரைக்கும் நானே பாத்துக்கறேன். நீ நல்லா ஓடு."

ஆம்புலன்ஸ் பேசிட்டேன் என்றதும் எனக்குள் என்ன நடந்தது? உண்மையை எழுத வேண்டும். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அந்த நடத்துநரின் குரல் கேட்டது. அதற்கப்புறம்தான் உள்ளே படுத்திருக்கிறவன் நினைவுக்கு வந்தான்.

உள்ளேயிருந்து கட்டிலைத் தட்டினான். இருவரும் போனோம். பேசுவதற்கு முன்னால் அவன் காற்றைச் சேமித்துக்கொண்டதைப் பார்க்கப் பொறுக்காமல் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அக்கா. அவ ஓடுறதாலதான்..."

காத்திருந்தோம்.

"...ஓடிப்போகாம இருக்கா."

அவன் அக்காவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். குற்றச்சாட்டாக இல்லை. கட்சிக்காரரின் ரகசியம் வக்கீலுக்குத் தெரிந்திருக்கும், அது வெளியே வராது. அந்த மாதிரி.

எப்படித் தெரியும்? எப்போதிலிருந்து?

அக்கா ஆம்புலன்ஸ்காரருக்குப் போன் செய்து வேண்டாம் என்றார். பிறகு அடுப்படியில் போய்ப் பாத்திரங்களை ஓங்கி ஓங்கி வைத்துக் கழுவினார்.

ஏப்ரல் 2

ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தபோது அக்கா பின்னால் வந்து நின்றார். "சூப்பு நான் குடுத்துக்கறேன். போறதுன்னா சீக்கிரம் போ, வெயில் ஏறிடப்போகுது." என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

இன்று பேருந்து நிலையத்தைப் பற்றி அவனிடம் சொன்னேன். காதோடு காதாக. கேட்டுவிட்டு, "எந்த ஊரு வண்டி?" என்றான்.

"பாக்கலை."

"அட. பாத்திருக்கலாம்ல."

ஏப்ரல் 23

சொற்கள் குறைந்துவிட்டன. விரல்களால் சொல்கிறான். ஜன்னலைப் பற்றி இப்போதெல்லாம் கேட்பதில்லை. நானே திறக்கிறேன், மூடுகிறேன், திறக்கிறேன்.

மே 4

டாக்டர் வந்தார். மூச்சுத்திணறல் தெரியாமலிருக்க மருந்தைக் கூட்டியிருக்கிறார். அக்கா ஒருபக்கம், நான் ஒருபக்கம். ஓடவில்லை. ஓடத் தோன்றவில்லை. கோபம் இல்லை, பயம் இல்லை. அவன் தோளுக்குக் கீழே கையைக் கொடுத்து நிமிர்த்திப் பிடித்திருக்கிறேன். அப்படிப் பிடித்தால் கொஞ்சம் எளிதாக இருக்கிறது அவனுக்கு. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பிடிக்க முடிகிறது.

மே 5

பிடித்திருக்கிறேன்.

ஜூன் 30

மெஷினைத் திருப்பி எடுத்துப் போனார்கள். அறைத் தரையில் அது நின்ற இடம் மட்டும் வேறு நிறத்தில் இருக்கிறது.

அக்கா ஊருக்குக் கிளம்பினார். வாசலில் நின்று, சண்டைக்கு வந்தவர்போல, "சாப்பிடு. போனை எடு. எடுக்கலைன்னா நேர்ல வந்து நிப்பேன்" என்றார்.

ஜூலை 8

இன்று ஓடப் போனேன்.

வாசல்வரை வந்து நின்றுவிட்டேன். கதவைப் பூட்ட வேண்டும். இத்தனை மாதம் பூட்டியதே இல்லை, உள்ளே ஆள் இருந்தது. பூட்டினேன். சாவியை எங்கே வைத்துக்கொள்வது? இந்த உடையில் பை இல்லை. சட்டையிலும் இல்லை, கால்சட்டையிலும் இல்லை. வேண்டியிருக்கவில்லை.

கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டே ஓடினேன். எல்லாச் சுற்றிலும். முடித்துக் கையை விரித்தபோது உள்ளங்கையில் சாவியின் பற்கள் பதிந்திருந்தன.

சட்டையில் ஒரு பை தைத்துக்கொள்ள வேண்டும்.