உள்பக்கம் முடி வைத்த தொப்பி

பக்கத்து வீட்டு நாய் இன்று காலை மழையில் நனைந்துவிட்டு, திறந்துகிடந்த கராஜ் வழியாக என் சமையலறைக்குள் வந்து உடம்பை உதறியது. அதன் சொந்தக்காரம்மா ஓடி வந்து பிடித்துக்கொண்டு போனார். ஆனால் நனைந்த ரோமத்தின் வாசனை போகவில்லை. தரையைத் துடைக்க எடுத்த துணியோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அமெரிக்காவில், எடிசன் அபார்ட்மெண்டில் நாம் இருந்த அந்தக் குளிர்காலம் முழுக்க உன் குளியலறை இப்படித்தான் மணந்தது.

அது தொண்ணூற்றேழு. நீ கீழ் வீட்டில் இருந்தாய், நான் மேல் வீட்டில். புற்றுநோய்க்குக் கீமோ ஆரம்பித்த சில வாரங்களில் என் தலையணையெல்லாம் முடி. உன்னைத் தவிர யாருக்கும் நான் சொல்லவில்லை. ஆபீசுக்கு விக் வைத்துக்கொண்டு போனேன். எங்கள் சபையில் பெண்கள் ஜெபத்துக்கு முக்காடு போடும் வழக்கம் எனக்குத் தோதாகப் போயிற்று. ஆராதனை முடியும்வரை நான் முக்காட்டை எடுக்காததைப் பார்த்து, இவளுக்குப் பக்தி கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். பாளையங்கோட்டையில் இருந்த அம்மாவிடம்கூடப் போனில் சளி என்றுதான் சொன்னேன். நோய் பயமாக இருந்தது, உண்மைதான். ஆனால் மொட்டைத் தலை அவமானமாக இருந்தது. பயத்தைக்கூட டாக்டரிடம் சொல்ல முடிந்தது. இதை யாரிடம் சொல்ல?

விக் அரித்தது. கம்பளித் தொப்பி குத்தியது. ஒரு நாள் உன் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது தாங்க முடியாமல் விக்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். தலை முழுக்கச் சிவப்புச் சிவப்பாகத் தடித்திருந்தது. நீ கிட்டே வந்து தடிப்பைத் தொட்டுப் பார்த்தாய்.

"முயல் தோல் குத்தாது," என்றாய். "முடி உள்பக்கம் வர்ற மாதிரி தச்சா பஞ்சு மாதிரி இருக்கும். நான் பண்ணித் தரேன்."

"உனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?"

உன் அத்தா எக்ஸ்போர்ட் பிசினஸ் என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருந்தாய், என்னிடமும்தான். திண்டுக்கல்லில் அவர் தோல் பதனிடும் பட்டறை வைத்திருந்தார் என்பதையும், வீடு அதற்குப் பின்னாலேயே இருந்தது என்பதையும் அன்றைக்குத்தான் சொன்னாய். பள்ளியில் உன் பெஞ்சில் யாரும் உட்கார மாட்டார்களாம்.

"காலைல குளிச்சு, பவுடர் போட்டு, மல்லிப்பூ வச்சுட்டுப் போவேன். அப்பவும் மூக்கைப் பிடிப்பாளுங்க. அமெரிக்கால இருக்கிற மாப்பிள்ளைன்னதும் மூஞ்சியக்கூடப் பாக்காம சரின்னேன். அந்த நாத்தம் இவ்வளவு தூரம் வராதுன்னு நெனச்சேன்."

அப்படிச் சொன்ன நீதான் அடுத்த வாரமே உன் ஃப்ரீசரில் முயல் தோல்களை வைத்திருந்தாய். உன் வீட்டுக்காரரோடு வேலை பார்த்த ஒருவர் பென்சில்வேனியா பக்கம் கறிக்காக முயல் வளர்த்தார். அவர் எறிகிற தோல்கள், ரொட்டிப் பையில் சுருட்டி, பட்டாணிக்குப் பக்கத்தில். ஓக் ட்ரீ ரோடு இந்திய மளிகைக் கடையில் இருந்த படிகாரத்தையெல்லாம் வாங்கினோம். இவ்வளவு எதற்கு என்று கடைக்காரர் கேட்டதற்கு, "திருஷ்டி கழிக்க," என்று நீ சலனமில்லாமல் சொன்னாய். காரில் ஏறிய பிறகு இருவரும் சிரித்தோம். நான் சிரித்தே ரொம்ப நாளாகியிருந்தது.

முதல் தோல் கெட்டுப்போயிருந்தது. குளியல் தொட்டியில் சோப்புப் போட்டு அலசியபோது, நீ தடவிய இடத்திலெல்லாம் முடி கொத்தாகக் கையோடு வந்தது. சட்டென்று அதை நியூஸ் பேப்பரில் சுருட்டி முதுகுக்குப் பின்னால் மறைத்தாய். நான் கதவருகிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

"பாத்துட்டியா?"

"பாத்தேன். அதுக்கும் கீமோ போல."

உன்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னேன். நீ கையைக்கூடக் கழுவாமல் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து அழுதாய்.

மற்ற தோல்கள் நன்றாக இருந்தன. மொண்ணைக் கத்தியால் சவ்வைச் சுரண்டி எடுத்து, உப்பும் படிகாரமும் கரைத்த வாளியில் ஊறப்போட்டு, குளிரில் இருக்கட்டும் என்று பால்கனியில் வைத்தாய். அந்த ஜனவரியில் திடீரென்று சில நாள் வெயில் அடித்தது. சுரண்டி எடுத்த சவ்வைப் போட்டு வைத்திருந்த பையை வெளியே போட மறந்திருந்தாய். நாற்றம் மாடிப்படி வரைக்கும் வந்தது. எதிர் வீட்டுத் தமிழ்க் குடும்பம் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டது. "வீட்டுக்குள்ள ஆடு அறுக்கிறாங்களாம்," என்று அந்த வீட்டு ஆன்ட்டி போனில் பேசுவது எனக்கே கேட்டது.

சனிக்கிழமை மத்தியானம் அபார்ட்மெண்ட் மேனேஜர் உன் கதவைத் தட்டினார். கூட எதிர் வீட்டு அங்கிள். மேனேஜர் அந்தச் சவ்வுப் பையைப் பேனாவால் தூக்கிப் பார்த்து, உள்ளே என்ன நடக்கிறது, மிருகங்களைக் கொல்கிறீர்களா என்று கேட்பது மேலே எனக்குக் கேட்டது. எதற்கும் வாய் கொடுக்கிற நீ, ஒரு வார்த்தை பேசவில்லை.

தூக்கத்திலிருந்து எழுந்தவள் அப்படியே இறங்கி ஓடி வந்தேன். "இட்ஸ் ஃபார் மீ. ஒரு தொப்பிக்காக," என்று சொல்லிக்கொண்டே வந்தேன். மேனேஜரின் கண் என் நெற்றிக்கு மேலே போய் நின்றதும்தான் தலையில் ஒன்றும் இல்லை என்பது உறைத்தது. அங்கிள் தரையைப் பார்த்தார். கையால் தலையை மூடப் பார்த்தேன். இரண்டு கையாலும் மூட முடியவில்லை.

நீ உன் துப்பட்டாவை உருவி என் தலையில் போட்டாய்.

வெளி ஆண்கள் முன்னால் நீ முக்காடு இல்லாமல் நின்று நான் பார்த்ததே இல்லை. உன் வகிட்டில் இவ்வளவு நரை இருந்தது எனக்கே அன்றுதான் தெரியும். முகம் சிவந்து, கை இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாய். பிறகு மேனேஜரிடம், உடைந்த இங்கிலீஷில், "மை ஃபாதர் லெதர் மேன். ஐ நோ திஸ் ஒர்க். ஸ்மெல் வில் கோ," என்றாய். அங்கிள் காதில் விழும்படியாகத்தான் சொன்னாய். மேனேஜர் பையை மட்டும் வெளியே போடச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். கதவைச் சாத்தியதும் நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அங்கிள் வீட்டிலிருந்து விஷயம் பரவியது. மறுநாள் என் வாசலில் ஒரு டப்பாவில் ரசம் இருந்தது. பிறகு சபையிலிருந்து போன்கள், கையைப் பிடித்துக்கொண்டு ஜெபங்கள். எனக்குக் கூசியது. உன் வாசலில் ஒருவரும் எதுவும் வைக்கவில்லை. உன் மகளோடு விளையாட வந்துகொண்டிருந்த பிள்ளைகள் வரவில்லை. அதைப்பற்றி நான் பேச்செடுத்தால், "ஆயில் தேய்ச்ச தோலை இழுத்துப் பிடி," என்று வேலை சொல்வாய். காயக் காய நாற்காலி முதுகில் போட்டு இழுத்து இழுத்து மெத்தென்று ஆக்கினோம். முடி அறுந்துவிடாமல் இருக்கத் தோல் பக்கத்திலிருந்து பிளேடால் வெட்டித் தைத்தாய். தொப்பி ஒரு பக்கம் கோணல். கண்ணாடியில் பார்த்தால் பானையைக் கவிழ்த்த மாதிரி இருந்தது. ஆனால் குத்தவில்லை. ரயில் பிளாட்பாரத்தில் அதைப் போட்டுக்கொண்டு நின்றபோது யாரோ பார்த்தார்கள், எனக்குக் காது சுட்டது. ஆனாலும் கழற்றவில்லை.

எனக்கு முடி வளர்ந்தது. நீங்கள் டெக்சாஸுக்குப் போனீர்கள். பண்டிகைக்குப் பண்டிகை போனில் பேசினோம். அங்கே இர்விங்கில் ஒருவருக்கும் பழைய கதை தெரியாது, நிம்மதியாக இருக்கிறது என்றாய்.

போன மாதம் உன் மகள் கூப்பிட்டாள். நீ இறந்துபோய் ஒரு வாரம் ஆகிவிட்டது என்றாள். எனக்கு வந்த அதே நோய்தானாம், ஒரு வருஷத்துக்கு மேலாகவாம். அந்த ஒரு வருஷத்தில் எத்தனை முறை என்னோடு பேசினாய். ஏன் என்னிடம் சொல்லவில்லை, நான் வந்திருப்பேனே என்று கத்திவிட்டேன், பாவம் அந்தப் பெண்ணிடம்.

"அம்மா டிடன்ட் வான்ட் எனிபடி டு சீ ஹர், ஆன்ட்டி," என்றாள். "ஷி செட் யூ வுட் அண்டர்ஸ்டாண்ட்."

உன்மேல் கோபப்பட்டுப் பார்த்தேன். முடியவில்லை. புரிகிறதே, என்ன செய்ய.