சேலாற்றுப் பாலத்து மிதிவண்டிப் பாதை குறித்துப் புன்னைவாயிலுக்கு விடுத்த ஓலை

நெடுங்கரை நாட்டின் பதினெட்டுத் துறைகளுக்கும் உடையவளும், உப்புக்கும் நெல்லுக்கும் ஒரே நேர்மையான அளவு வைத்தவளும், ஓதப்பட்டினத்து அரியணையில் பதினோராம் ஆட்சியாண்டு நடத்துபவளுமாகிய பெருந்தேவி கடல்நாச்சியார், புன்னைவாயில் நகரத்தை ஆளும் ஆதிச்சனாருக்கு விடுக்கும் திருமுகம். உம் நகரத்துக் கிணறுகள் வற்றாது ஊறுக. உம் சந்தைகளில் கூச்சல் குறையாதிருக்க. உம் மக்கள் உண்டபின் உம்மை வாழ்த்துக.

உம் ஓலை கிடைத்தது. மிதிவண்டிக்கென்று தனிப்பாதை அமைக்கும்படி நாம் இட்ட ஆணையிலிருந்து புன்னைவாயிலுக்கு விலக்கு வேண்டியிருக்கிறீர். அரிசி விலையும் எண்ணெய் விலையும் ஏறிக் குடிமக்கள் அரை வயிற்றோடு படுக்கும் காலத்தில் சக்கரம் ஓடத் தெருவை வெட்டுவது தகுமோ என்று வினவியிருக்கிறீர். வினவியதற்காக உம்மீது சினமில்லை. இதே சொற்களை எம் தலைமை அமைச்சர் மதிசூடனார் எம் அவையிலேயே சொன்னார், நாமும் தலையசைத்தோம். அவரும் நாமும் எப்படி மனம் மாறினோம் என்பதை ஒளிவுமறைவின்றி எழுதுவிக்கிறோம். பொறுமையாகப் படிப்பீராக.

ஓதப்பட்டினத்துத் துறைமுகச் சேரியில் கொற்றி என்று ஒருத்தி. வயது நாற்பத்திரண்டு. சேலாற்றின் மேல்கரையில் உள்ள கயிற்றுச்சாலையில் தேங்காய் நார் முறுக்கிக் கப்பல் வடம் திரிப்பது அவள் தொழில். கணவன் பூதன் துறைமுகத்தில் படகோட்டி. வீடு கீழ்க்கரை, வேலை மேல்கரை. நடுவே ஆறும் பாலமும். மூன்றாண்டுகளாக மழை பொய்த்ததில் வைக்கோல் பொன்னாயிற்று. வைக்கோல் ஏறியதும் மாட்டுவண்டிக் கூலி ஏறியது. வண்டிக் கூலி ஏறியதும் வண்டியில் வரும் அரிசி, உப்பு, விறகு எல்லாம் ஏறின. கொற்றி நாள் முழுதும் முறுக்கி வாங்கிய கூலியில் பாதி, வேலைக்குப் போய்வரும் வண்டிக்கே போயிற்று. நடந்து பார்த்தாள். வெயில் ஏறுமுன் போய்ச் சேர முடியாமல் அரைக்கூலியே கிடைத்தது.

கடைசியில் வீட்டிலிருந்த வெண்கலத் தவலையைக் கொல்லனிடம் கொடுத்து, பழைய மிதிவண்டி ஒன்றை வாங்கி உருட்டிக்கொண்டு வந்தாள். ஆற்று மணலில் பழகினாள். முழங்கை உரிந்தது, முழங்கால் உரிந்தது. பூதன் கரையில் நின்று சிரித்தானாம்.

"இந்த வயசுல உனக்கு இது தேவையாடி? ஊரே பார்த்துச் சிரிக்குது!"

"சிரிக்கட்டும். சிரிக்கிறவன் எவனும் நமக்கு உலை வைக்கப் போறதில்ல. பின்னால பிடி, விட்டுறாத!"

பிடித்தவன் சற்றுத் தூரத்தில் விட்டுவிட்டான், அவள் விழவில்லை. அந்த மாதம் அவர்கள் வீட்டில் இரண்டு வேளையும் சோறு வெந்தது. அவளைப் பார்த்துக் கயிற்றுச்சாலைப் பெண்கள் பதின்மர் ஓட்டினர், பிறகு ஐம்பதின்மர், ஆண்களும் சேர்ந்தனர்.

ஆனால் சேலாற்றுப் பாலம் ஒன்றே. அதில் வண்டியும் தேரும் பொதிமாடும் முட்டி மோதிச் செல்ல, மிதிவண்டியில் வருவோர் கைப்பிடிச் சுவரை உரசிக்கொண்டு உயிரைக் கையில் பிடித்துச் சென்றனர். ஒரு வெள்ளிக்கிழமை, கொற்றியோடு ஒரே வடத்தைத் திரித்துவந்த ஆத்தி என்பவளை விறகு வண்டி ஒன்று சுவரோடு நெரித்தது. உயிர் தப்பியது, வலக்கால் போயிற்று. ஆத்தியை மருத்துவரிடம் சேர்த்துவிட்டு, உடையில் இரத்தக் கறையோடு கொற்றி நேரே எம் அவைக்கு வந்தாள்.

பாலத்தில் தங்களுக்கென ஓர் ஓரம் ஒதுக்கித் தரும்படி கேட்டாள். மதிசூடனார், நீர் எழுதியதையே சொன்னார்: பசிக்கு அரிசி தேடும் காலத்தில் பாதை தேடலாகாது என்றார். அவள் மறுமொழியை எழுத்தர் அவள் வாயில் வந்தவாறே குறித்திருக்கிறார்:

"ஐயா, அந்த அரிசிக்குத்தான் நான் பாதை கேட்கிறேன். எங்க சோத்துல பாதி வண்டிக்கூலியாப் போயிக்கிட்டிருந்துச்சு. அதை மிச்சம் பிடிக்கத்தான் இந்தச் சக்கரத்துல ஏறினோம். ஏறினா காலை வாங்குறீங்க. நடந்தா கூலியை வாங்குறீங்க. நாங்க எப்படித்தான் வேலைக்குப் போறது? நீங்களே ஒரு நாள் எங்கூட வாங்க. வந்து பார்த்துட்டு வேணாம்னு சொல்லுங்க, கேட்டுக்கிறேன்."

அவை நகைத்தது. மதிசூடனார் நகைக்கவில்லை. அறுபத்தோரு வயதில் அரண்மனைத் தோட்டத்தில் எட்டு நாள் மிதிவண்டி பழகினார். இருமுறை தாமரைக் குளத்தில் விழுந்தார். ஒன்பதாம் நாள் காலை, பட்டும் தலைப்பாகையும் களைந்து, எளிய வேட்டியில் கொற்றியின் பின்னே பாலத்தில் ஏறினார். நடுப்பாலத்தில், வண்டிச் சங்கத் தலைவர் வீரகண்டரின் வண்டியொன்று பின்னால் வந்தது. யாரென்று அறியாத வண்டியோட்டி, "ஓரமாப் போ கிழவா! சாக வேற இடம் கிடைக்கலையா?" என்று சாட்டையை வீசினான். எம் தலைமை அமைச்சர் சாணிச் சேற்றில் குப்புற விழுந்தார். சக்கரம் அவர் தலைக்கு ஒரு சாண் தள்ளி உருண்டு போயிற்று. கொற்றி ஓடிவந்து தூக்கினாள்.

"அடிபட்டுச்சா ஐயா?"

"இல்லை அம்மா. தினமும் இப்படித்தானா?"

"இன்னைக்குக் கூட்டம் கம்மி ஐயா."

அன்று நண்பகல் அவர் சேறு காய்ந்த வேட்டியோடே எம் முன் வந்து நின்று, தாம் அவையில் சொன்னது அறியாமை என்றும், அதைத் தாமே திரும்பப் பெறுவதாகவும் உரைத்தார். இருபது முழ அகலப் பாலத்தில் தென்புறம் ஐந்து முழத்தை மிதிவண்டிக்கென ஒதுக்கி, இடையில் முழங்கால் உயரக் கல்வரிசை நாட்டி, ஆறு மாதம் நடத்திப் பார்க்க ஆணையிட்டோம்.

ஆதிச்சனாரே, இனி வருவது எமக்குப் பெருமை தருவதன்று, ஆயினும் மறைக்கமாட்டோம். ஐந்து முழம் போனதும் வண்டிகள் நெருங்கின. வீரகண்டர் நூறு வண்டிக்காரரோடு வந்து முறையிட்டார். கடைத்தெரு வணிகர், வண்டி நிற்க இடமின்றித் தம் வாணிபம் பட்டுப்போகும் என்றனர். நாள்தோறும் இதே புகார். ஆறாம் மாதம் முடியுமுன்னே நாம் சலித்தோம். ஐப்பசி முழுநிலவுக்கு மறுநாள் காலை கற்களைப் பெயர்க்கலாம் என்ற ஓலையில் எம் கையாலேயே முத்திரை வைத்தோம்.

செய்தி கேட்ட கொற்றி அழவில்லை என்று பூதன் சொன்னான். வாசலில் நிறுத்திய வண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தாளாம். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாளாம்.

முழுநிலவு நாள் விடியும்போதே கடல் கறுத்தது. விலையேற்றத்தைத் தணிக்க நாம் கீழைத் தீவுகளிலிருந்து வரவழைத்த நெல், மூன்று பெருங்கலங்களில் துறைக்கு வெளியே நங்கூரமிட்டு நின்றது. நாடு நான்கு மாதம் உண்ணும் நெல் அது. புயற்காற்று எழுந்ததும் கலங்களின் பழைய வடங்கள் இழை இழையாய் அறத் தொடங்கின. புதிய வடங்கள் மூன்று கயிற்றுச்சாலையில் முடிந்து கிடந்தன. ஒவ்வொன்றும் நூற்றிருபது பாகம், அதாவது எழுநூற்றிருபது அடி நீளம், தொடைப் பருமன். வண்டி கேட்டு ஆள் விட்டோம். பட்டினி கிடந்த மாடுகள் மழையில் நகர மறுத்தன. பாலத்தில் ஏறிய முதல் வண்டியே அச்சு முறிந்து குறுக்கே சாய்ந்தது. அதன்பின் பதினேழு வண்டிகள் முடங்கின. தேரும் இல்லை, மாடும் இல்லை, வழியும் இல்லை. கல்வரிசைக்கு அப்பால் அந்த ஐந்து முழம் மட்டும் வெறுமையாய்க் கிடந்தது.

கயிற்றுச்சாலை முற்றத்தில் அதிகாரி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். கொற்றி அவர் முன் போய் நின்றாள்.

"வடத்தைச் சுருட்டாதீங்க ஐயா. நீட்டிப் போடுங்க."

"நீட்டி என்ன செய்யப் போற?"

"எழுபது மிதிவண்டி இருக்கு. பத்தடிக்கு ஒரு வண்டியா நிறுத்தி மேல வச்சுக் கட்டுவோம். ஒத்தை ஆளால முடியாதது எழுபது பேரால முடியும்."

கட்டினார்கள். எழுபது மிதிவண்டிகளின் இருக்கைமேல் ஒரே வடம். வண்டிக்கு ஓர் ஆள் இறங்கிக் கைப்பிடியைப் பற்றித் தள்ள, முன்வண்டியில் கொற்றி. அவள் குரல் கொடுத்தால் எழுபது கால்கள் ஒன்றாய் எடுத்து வைத்தன. மழை கண்ணை மறைத்தது. பாலத்தின் ஒருபுறம் வண்டிகள் மலைபோல் முடங்கிக் கிடக்க, மறுபுறம் அந்த நெடும் வடம் நகர்ந்து சென்றதை எம் மாடத்திலிருந்து நாமே கண்டோம். எம் ஆட்சியில் இதனினும் பெரிய படையெழுச்சி நாம் கண்டதில்லை.

துறையில் பூதன் படகோடு காத்திருந்தான். வடத்தின் நுனியைக் கொடுத்ததும் எழுபதின்மரும் மிதிவண்டியில் தாவி ஏறி, அதே பாதையில் காற்றுக்கு எதிராய் மிதித்து, உலை கொதிக்கும் நேரத்தில் கயிற்றுச்சாலையில் நின்றனர். இரண்டாம் வடமும் போய்ச் சேர்ந்தது. மூன்றாவதைக் கொணர்கையில், நடுப்பாலத்தில் காற்று குறுக்கே முட்டித் தள்ளியது. இடையில் நால்வர் சறுக்கி விழ, நான்கு வண்டிகள் சாய, வடம் தரையில் இறங்கிற்று. வரிசை முழுதும் பின்னோக்கி இழுபட்டது.

"விடாதீங்க! யாரும் விடாதீங்க!" என்று கொற்றி கத்தினாள். அவள் உள்ளங்கை கிழிந்து கைப்பிடியில் இரத்தம் வழிந்தது.

முடங்கிய தம் வண்டிகளருகே வீரகண்டர் நனைந்து நின்றிருந்தார். மறுநாள் பெயர்க்கப்பட வேண்டிய அந்தக் கற்களை அவர் ஒரு கணம் பார்த்தார். பிறகு அவற்றைத் தாண்டிக் குதித்து, விழுந்து கிடந்த வடத்தின் கீழ் தோளைக் கொடுத்தார்.

"டேய், என்னடா வேடிக்கை? அந்தக் கப்பல்ல இருக்கிறது உன் வீட்டுச் சோறுடா! வாங்கடா எல்லாரும்!"

வண்டியோட்டிகள் அத்தனை பேரும் பாய்ந்து வந்தனர். வடம் எழுந்தது. கடைசிக் கலத்தின் பழைய வடம் அற்றுவிழும் தருணத்தில் பூதனின் படகு புதியதைக் கொண்டு சேர்த்தது. பிற்பகலில் காற்று தணிந்தபோது மூன்று கலங்களும் நின்ற இடத்திலேயே நின்றன. ஒரு மணி நெல் கடலுக்குப் போகவில்லை. கரையில் எழுந்த ஆரவாரத்தில் அரண்மனைப் புறாக்கள் கலைந்து பறந்தன. பூதன் ஊரறிய மனைவியைத் தோளில் தூக்கிக்கொண்டு துறை முழுதும் சுற்றினான். "இறக்கி விடுய்யா, மானம் போவுது" என்று அவள் அவன் முதுகில் அடித்துக்கொண்டே சிரித்தாள்.

மறுநாள் காலை எம் முத்திரையோலையோடு கற்களைப் பெயர்க்கக் கடப்பாரையுடன் சென்றவர்களை வீரகண்டரே பாலத்தில் மறித்துத் திருப்பி அனுப்பினார். எம் ஆணையை மீறியவரைத் தண்டிக்க வேண்டிய நாம், அவ்வோலையை வாங்கி எம் கையாலேயே கிழித்தோம்.

இன்று நிலை இது. நெல் இறங்கியதும் அரிசி விலை இறங்கியது. மக்கள் வேலைக்குத் தம் காலால் மிதித்துப் போகவே, ஆள் ஏற்றிய வண்டிகள் குறைந்து, வைக்கோல் தேவையும் தணிந்து, கூலி மூன்றிலொரு பங்கு இறங்கிற்று. அதனோடு உப்பும் விறகும் இறங்கின. வீரகண்டரின் வண்டிகள் இப்போது சரக்கு மட்டுமே சுமக்கின்றன. முன்னைவிட மிகுதியாகச் சுமப்பதாக அவரே சொல்கிறார். மிதித்துச் செல்வோர் நினைத்த கடையில் நின்று வாங்குவதால், வணிகர் தம் தெருவுக்கும் பாதை வேண்டுமென்று மனு அளித்துள்ளனர். ஆத்திக்குக் கயிற்றுச்சாலையில் அமர்ந்து பார்க்கும் மேற்பார்வைப் பணி தந்துள்ளோம். கால் தர எம்மால் இயலவில்லை.

கொற்றியை அழைத்து, வேண்டுவது கேள் என்றோம். பொன் கேட்பாள் என்றிருந்தோம். "பாதை பாலத்தோட நின்னுபோச்சு தேவி. எல்லா ஊருக்கும் போடுங்க. எங்க ஊர்ல மட்டும் விலை இறங்கினா, பக்கத்து ஊர்க்காரன் என்ன பாவம் செஞ்சான்?" என்றாள்.

ஆகவே, ஆதிச்சனாரே, உமக்கு விலக்கு இல்லை. புன்னைவாயிலின் நெசவாளர் தெருவிலிருந்து நெல்மண்டி வரையும், அங்கிருந்து ஆற்றுத்துறை வரையும் ஐந்து முழ அகலத்தில் பாதை அமைக. கல்வரிசை முழங்கால் உயரத்திற்குக் குறையாதிருக்க. அதில் தேர் நிறுத்துவோர், உம் உறவினராயினும் எம் உறவினராயினும், தேரை இழப்பர். தை பிறக்குமுன் முதல் கல் நாட்டுக, வைகாசிக்குள் முடிக்க.

இவ்வேலைக்கு நெடுங்கரை நாடு முழுவதற்கும் பாதை அதிகாரி ஒருவரை நியமித்துள்ளோம். அகலம், வளைவு, கல் எதுவாயினும் அவர் சொல் எம் சொல். அவர் ஓதப்பட்டினத்திலிருந்து உம் நகருக்கு மூன்று நாள் மிதிவண்டியிலேயே வந்து, இந்த ஓலையைத் தம் கையால் உம்மிடம் தந்துவிட்டு, இப்போது உம் எதிரில் நின்றுகொண்டிருக்கிறார். அவர் பெயர் கொற்றி. எழுந்து நின்று, அவருக்கு ஆசனம் தருக.

பெருந்தேவி கடல்நாச்சியார் சொற்படி, தலைமை அமைச்சர் மதிசூடனார் எழுத்து. ஐப்பசி கழிந்த எட்டாம் நாள், நங்கூர முத்திரை பொறிக்கப்பட்டது. படித்தவர் செய்க, செய்தவர் வாழ்க.