ஒரு குண்டு கூடிப்போச்சு

ஜூலை 7, திங்கள்

விடியக்காலையில இருந்து சாரல். யூனிஃபார்ம் காயல. ஸ்கூலுக்கு மட்டம்.

மாடசாமி ஏட்டையா வந்தாரு. ஸ்டேஷன் துப்பாக்கிக்கெல்லாம் வைத்தியர் அவர்தான். ஐந்தருவி பந்தோபஸ்துல நனைஞ்சு அப்பா பிஸ்டல் லேசா துரு. அப்பா எஸ்.ஐ.ல்லா, வைத்தியரே வீடு தேடி வருவாரு.

குண்டெல்லாம் கழட்டி டம்ளர்ல. பேப்பர் விரிச்சு, பாகம் பாகமா பிரஷ். கைப்பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்க மாதிரி தேய்ப்பு.

"ஸ்பிரிங் தளர்ந்துட்டுய்யா. ஸ்டோர்ல புதுசு மாட்டி புதன்கிழமை கொண்டாரேன்."

அப்பா: "அன்னைக்குத்தான்வே இன்ஸ்பெக்‌ஷன். சொதப்பினீரு, ரிட்டயர்டுக்கு முந்தியே வீட்டுக்கு அனுப்பிருவேன்."

ஏட்டையாவுக்கு அடுத்த மாசம் ரிட்டயர்டு. அதுக்கும் சிரிக்காரு.

பிஸ்டலை மட்டும் கொண்டு போனாரு, குண்டெல்லாம் எங்க வீட்டு டம்ளர்லயே. அப்பா குளிக்கப் போனதும் அவர் போன்ல இருந்து ஏட்டையாவுக்கு ஒரு மெசேஜ் போட்டேன்: "குண்டு ஒண்ணு காணல. போன் போடாதேயும். படிச்சதும் அழிச்சிரும்." இந்தப் பக்கம் நானே அழிச்சாச்சு.

பொய் இல்ல. எங்க பூனை பேரு குண்டு. காலையில இருந்து ஆளைக் காணோம்.

ஜூலை 8, செவ்வாய்

மழை. ஏட்டையா குவார்ட்டர்ஸ் சாக்கடையில முழங்கை வரை கையை விட்டுத் துழாவுதாரு. மாடியில நானும் பக்கத்து வீட்டு செல்வியும்.

செல்வி: "ஏட்டி, மீனா பிடிக்காரு?"

நான்: "பென்ஷன் பிடிக்காரு."

சிரிச்சு வயிறு வலி. அவர்ட்ட சொல்லிரலாம்னு தோணுச்சு. அதுக்குள்ள பரோட்டா வந்துட்டு.

ஜூலை 9, புதன்

காலை: பிஸ்டல் வந்துட்டு, புது ஸ்பிரிங்கோட. அப்பா ஷூ மாட்டுத நேரம் ஏட்டையா சட்டைப்பையில இருந்து எதையோ டம்ளர்ல போட்டாரு. டிங். அப்பா எண்ணாமலே அள்ளிட்டுப் போனாரு.

ராத்திரி சாப்பாட்டுல அப்பா சொன்னது: இன்ஸ்பெக்‌ஷன்ல பெரிய ஐயா முன்னால குண்டைப் பரப்புனா, ஒண்ணு கூடுது. குறைஞ்சா தொலைஞ்சதுங்கலாம். கூடுனா என்னன்னு சொல்ல? யாரைச் சுட வச்சிருந்த குண்டு அதுன்னு பெரிய ஐயா கேட்டாராம்.

ஏட்டையா உடனே ஒத்துக்கிட்டாராம். எந்தக் காலத்துலயோ பயிற்சியில மிஞ்சுனது, வீட்டு டிரங்குப் பெட்டியில கிடந்துச்சாம். "ஐயாதான காணலன்னு மெசேஜ் போட்டீய?" ரெண்டு போன்லயும் மெசேஜ் இல்ல. அப்பா அத்தனை பேர் முன்னால கன்னத்துல ஒண்ணு விட்டாராம்.

ஏட்டையா சஸ்பெண்ட். பென்ஷன் அந்தரத்துல.

அம்மா: "வயசான மனுசனைப் போயி..."

அப்பா: "என் மேலயே பழி போடுதான்டி!"

ரசம் நல்லா இருந்துச்சு. ரெண்டாந்தரம் வாங்குனேன்.

ஜூலை 11, வெள்ளி

வெயில். ஷூ காயப்போடணும்.

பெல். கதவைத் திறந்தா ஏட்டையா. வேட்டி, சட்டை. தாடி வெள்ளையா முளைச்சிருக்கு.

"பாப்பா, அன்னைக்கு நீ வீட்லதான இருந்தே? மெசேஜை ஐயா மறந்திருப்பாரு. டம்ளர்ல குண்டை எண்ணினாரு, ஒண்ணு குறைஞ்சுதுன்னாவது சொல்லும்மா. ஒரு வார்த்தை போதும்."

"எண்ணுததா? நான் கணக்குல ஃபெயிலு ஏட்டையா."

சிரிச்சாரு. நிசமாவே சிரிச்சாரு. சிரிச்சுட்டு அங்கனயே நின்னாரு.

உள்ள இருந்து அப்பா: "யாருட்டி வாசல்ல?"

"யாரும் இல்லப்பா."

அவர் மூஞ்சியைப் பாத்துக்கிட்டேதான் சொன்னேன்.