சத்தம் போடாத ஐந்நூறு பேர்

ஜனவரி 9

கப்பலை விட்டு இறங்க மனமில்லாத என் மனைவிக்கு,

நான் சௌக்கியம். என் சமையல்தான் என்னோடு ஒத்துப்போகவில்லை. போனில் பேசினால் இரண்டாவது வார்த்தையிலேயே சண்டை வந்துவிடுகிறது, அதனால் எழுதுகிறேன்.

கோபித்துக்கொண்டு, நம் வீட்டுக்கு எதிர்க்கரையில் இருக்கும் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு நான் மாற்றல் வாங்கி வந்து ஐந்து மாதம் ஆகிறது. உன் கப்பல் தினமும் இங்கே வந்து நிற்கிறது. ஒரு நாளாவது இறங்கி வந்து பார்த்தாயா? ஆட்களை ஏற்றுவது, இறக்குவது, திரும்பிப் போவது. பஸ் ஓட்டுகிறவரும் இதைத்தானே செய்கிறார், அதற்கு இவ்வளவு பிடிவாதமா? துறைமுக அலுவலகத்தில் நாற்காலி வேலை தருகிறார்களாமே, எடுத்துக்கொள். நானும் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். இல்லையென்றால் நான் இங்கேயே இருந்துவிடுவேன்.

கோபம் குறையாத
உன் வாத்தியார்


ஜனவரி 14

அன்புள்ள வாத்தியாருக்கு,

துறையில் நிற்பதே அரை மணி நேரம். அதற்குள் லாரிகளை இறக்கி ஏற்றவே நாக்குத் தள்ளிவிடுகிறது. நீங்கள் வந்திருக்கலாமே? பதினொரு வருஷத்தில் ஒரு தடவையாவது என் கப்பலில் கால் வைத்தீர்களா? ‘தண்ணியப் பாத்தாலே தலை சுத்துது’ என்று சொல்லிச் சொல்லியே, கடலைச் சுற்றி பஸ்ஸில் போகிறீர்கள்.

சரி, விடுங்கள். ஆளில்லாத வீட்டுக்குள் வந்து விளக்குப் போட்டு எனக்கும் அலுத்துவிட்டது. நாற்காலி வேலைக்குச் சம்மதம் என்று நாளைக்கே எழுதிக் கொடுக்கிறேன். ஜெயித்தது நீங்கள்தான். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
கேப்டன் (இன்னும் சில நாளைக்கு)


ஜனவரி 21

மதிப்புக்குரிய கேப்டனுக்கு,

நேற்றுக் காலை உன் கப்பலில் நான் இருந்தேன். ஜெயித்த சந்தோஷத்தில், உன்னை நேரில் பார்க்கலாம் என்று ஏறிவிட்டேன். மேல்தளத்துக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பாதி வழியில் மூடுபனி. நீட்டிய என் கையே எனக்குத் தெரியவில்லை. ஒரே கூச்சல். அப்போது ஒலிபெருக்கியில் உன் குரல்: “எல்லாரும் கொஞ்ச நேரம் பேசாம இருங்க. எஞ்சினை நிறுத்தப் போறேன். எதிர்ல யாராவது இருக்காங்களான்னு நான் காதாலதான் கேக்கணும்.”

அடேயப்பா! நாற்பது பிள்ளைகளை அடக்க எனக்குத் தினமும் தொண்டை கிழிகிறது. நீ சொன்னதும் ஐந்நூறு பேர் வாயை மூடினார்கள். அழுத குழந்தைகூட அழுகையை நிறுத்திவிட்டது. அவ்வளவு பெரிய கப்பல் மூச்சுக் காட்டாமல் தண்ணீரில் மிதந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

பிறகு எங்கிருந்தோ மெல்லிசாக ‘டங் டங்’ என்று சத்தம். உடனே எஞ்சின் மறுபடி உறுமியது; கப்பல் அதிர்ந்து பின்னுக்கு நகர்ந்தது. பனிக்குள்ளிருந்து ஒரு சின்ன மீன்பிடிப் படகு வந்தது. எஞ்சின் நின்றுபோய் அலை இழுத்த பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஒருவர் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்தார். இன்னொருவர் நம் கப்பலை அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டார். நாங்கள் நின்ற இடத்துக்குக் கீழேயே உரசாமல் ஒதுங்கிப் போனார்கள்.

பக்கத்தில் நின்ற லாரி டிரைவர், “யாருங்க இந்தம்மா?” என்றார். என் மனைவி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. உன் அறைவரை ஏறி வரவும் துணிச்சல் இல்லை. இறங்கி, பஸ் பிடித்துத் திரும்பிவிட்டேன்.

அந்த நாற்காலி உனக்கு வேண்டாம். எழுதிக் கொடுத்திருந்தால் திரும்ப வாங்கிவிடு.

உன்
வாத்தியார்


ஜனவரி 25

வாத்தியாருக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே திரும்ப வாங்கிவிட்டேன். அந்தப் படகு ஒதுங்கிப் போனதும், இந்த வேலையை என்னால் விட முடியாது என்று தெரிந்துவிட்டது. கரை சேர்ந்த கையோடு மேலாளரிடம் போய், “நான் கப்பல விட்டு வரல சார்” என்றேன். இதை உங்களிடம் எப்படிச் சொல்வது, நம் குடும்பம் என்ன ஆகும் என்று தவித்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது.

படித்துவிட்டு அழுதேன். சந்தோஷமும்தான், எரிச்சலும்தான். என் வேலை இதுதான் என்று பதினொரு வருஷமாக வீட்டில் வாய் வலிக்கச் சொன்னேனே! ஐந்நூறு பேர் வாயை மூடிய பிறகுதான் நான் பேசுவது உங்கள் காதில் விழுந்ததா?

ஞாயிற்றுக்கிழமை புறப்படும் முதல் கப்பலிலேயே வாருங்கள். துணிப் பெட்டியையும் எடுத்து வாருங்கள். ஆனால் வீட்டுக்கு வந்ததும், நான் பேசி முடிக்கும்வரை நீங்கள் கேட்க வேண்டும்.

கேப்டன்